நிக்கோவோடு ஜெர்மன்: டி.டபிள்யூ.வின் இலவச ஏ1 பாடம் எப்படி?

ஜெர்மனியின் டி.டபிள்யூ. இணையத்தில் தரும் 'நிக்கோஸ் வேக்' ('நிக்கோவின் வழி') என்ற ஜெர்மன் பாடத்தில் ஏ1 என்ற தொடக்க நிலையை முழுதாக முடித்து, ஜெர்மன் மொழித் தேர்வுகள் நடத்தும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டின் ஏ1 தேர்வையும் எழுதித் தேறிவிட்டேன். "வகுப்பே வேண்டாம், இதை மட்டும் வச்சு ஓட்டிடலாமா?" என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: காதுக்கு இது தாராளமாகப் போதும். வாய்க்கும் கைக்கும் தனி ஏற்பாடு வேண்டும். கூடவே, எனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாடத்தில் ஆங்கிலத்தில் வரும் விளக்கங்களை வாசிக்கும்போது, பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரத்த உறவில் ஜெர்மன் ஆங்கிலத்தின் பங்காளிதான். ஆனால் வாக்கியம் கட்டுகிற விதத்தில் பல இடங்களில் நம் பக்கம் வந்து நிற்கிறது.

தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. ஒற்று மிகுமா மிகாதா என்றே நாள் முழுக்கப் பார்த்துப் பழகியதால், எந்த மொழியைக் கண்டாலும் விகுதி எங்கே ஒட்டுகிறது என்றுதான் முதலில் கண் போகும். கணவருக்கு ஜெர்மனியில் வேலை. துணையாகப் போய்ச் சேருகிறவர்கள் புறப்படும் முன்பே எளிய அளவில் ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்று 2007-இல் அங்கே சட்டம் வந்தது. உயர் தகுதி வேலைக்காரர்களுக்குத் தரும் 'நீல அட்டை' என்ற அனுமதி வைத்திருப்பவர்களின் துணைக்கு விலக்கு உண்டு. எங்களிடம் அந்த அட்டை இல்லை, ஆகவே படிப்பு.

முதலில் ஓர் ஆன்லைன் வகுப்பில்தான் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஒரு திரையில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் ஸ்லைடை நகர்த்திக்கொண்டே ஆங்கிலத்தில் பேசுவார். ஜெர்மன் காதில் விழுவது அபூர்வம். ஆரம்பத்திலேயே ஓர் அறிமுக உரையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பெயரையும் வயதையும் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். பொழுதுபோக்கு எல்லாருக்கும் ஒன்றுதான், சமையலும் பாட்டுக் கேட்பதும். நடுவில் யாராவது சந்தேகம் கேட்டால் "அதெல்லாம் ஏ2-வில் வரும்" என்று பதில் வரும். அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இலவசமாக என்ன கிடைக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

டி.டபிள்யூ. என்று சுருக்கிச் சொல்லப்படும் டாய்ச்ச வெல்லே, ஜெர்மனியின் சர்வதேச ஒலிபரப்பு நிறுவனம். 1953-இல் வானொலியாகத் தொடங்கியது, அந்த நாட்டு வரிப்பணத்தில் நடப்பது. அதனால் பாடத்துக்குக் கட்டணம் கிடையாது. நாலு பயிற்சி முடித்ததும் "மேலே படிக்கக் காசு கட்டு" என்று வழிமறிப்பதும் கிடையாது. கணக்குத் தொடங்காமலே பாடங்களைத் திறந்து பார்க்கலாம். தொடங்கினால் எதுவரை முடித்தோம் என்பது பதிவாகும். ஏ1, ஏ2, பி1 என்று மூன்று படிகள் இருக்கின்றன. ஐரோப்பிய மொழிச் சட்டகத்தில் ஏ1 தொடங்கி சி2 வரை மொத்தம் ஆறு படிகள், ஆக இந்தப் பாடம் பாதி ஏணி வரை கூட வரும். நான் முடித்தது ஏ1. இங்கே பேசுவதும் அதைப் பற்றித்தான்.

பாடம் முழுக்க ஒரே கதையாக ஓடுகிறது. நிக்கோ ஸ்பெயின்காரன். ஜெர்மனியில் வந்து இறங்கியதுமே பையைத் தொலைக்கிறான். மொழி அரைகுறை. எம்மா என்றொரு சிறுமி, லீசா, நீனா, செபாஸ்டியான் என்று ஒவ்வொருவராக அறிமுகமாகிறார்கள். பெரியவர்கள் மூவரும் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில் அவனுக்கும் ஒரு மூலை கிடைக்கிறது. கதை சாதுவானது. வில்லனைத் தேடாதீர்கள். ஆனால் ஓர் ஆள் வழி கேட்பது, அறை தேடுவது, சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுப்பது, உடம்பு சரியில்லை என்று சொல்வது எல்லாம் அவனுக்கு உண்மையாகவே தேவைப்படும் நேரத்தில் வருகின்றன. "அடுத்து பாடம் ஐந்து: உணவுப் பொருள்கள்" என்று தலைப்புப் போட்டு நாற்பது காய்கறிப் பெயரை நம் தலையில் கொட்டுவதில்லை. எனக்குப் பிடித்த முதல் விஷயம் இதுதான்.

ஒவ்வொரு பாடத்திலும் ஒரு சின்ன வீடியோ, அதை ஒட்டிக் கேள்விகள், கோடிட்ட இடம் நிரப்புவது, ஜோடி சேர்ப்பது, ஒலியோடு சொற்பட்டியல், இலக்கணக் குறிப்பு, பேசிய வசனம் முழுதும் எழுத்தில். பெரும்பாலானவர்கள் கடைசியாகச் சொன்ன அந்த வசன எழுத்தைத் திறப்பதே இல்லை என்று நினைக்கிறேன். எனக்கு மொத்தப் பாடத்திலும் அதுதான் தங்கம்.

நான் செய்தது இப்படி. வீடியோவை ஒருமுறை சும்மா பார்ப்பேன். அடுத்த முறை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, காதில் விழுந்ததை நோட்டில் எழுதுவேன். பிறகு வசன எழுத்தைத் திறந்து, அச்சுப்படியை மூலத்தோடு ஒப்பிடுவது மாதிரி வரிக்கு வரி ஒப்பிடுவேன். காதில் 'ஹாபிஹ்' என்று ஒரே சொல்லாக விழுந்தது, எழுத்தில் 'ஹாபெ', 'இஹ்' என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். 'ஹாஸ்டு' என்று கேட்டது 'ஹாஸ்ட் டூ' என்று இருக்கும். சொற்கள் சேரும்போது நடுவில் ஓர் ஒலி கரைந்துபோவது நமக்குப் புதிதா என்ன? நம்முடையதில் புணர்ச்சியை எழுத்திலேயே காட்டிவிடுகிறோம். இவர்கள் வாயில் மட்டும் வைத்துக்கொண்டு எழுத்தில் பிரித்து எழுதுகிறார்கள். இது பிடிபட்ட பிறகு, 'ரொம்ப வேகமாகப் பேசுகிறார்கள்' என்ற என் புகார் பாதியாகக் குறைந்தது.

ஒலிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தமிழ்க் காதுக்கு ஒரு வரமும் ஒரு சாபமும் இருக்கின்றன. வரம் குறில் நெடில். ஜெர்மனில் உயிரொலியின் நீளம் பொருளையே மாற்றும். 'ஷ்டட்' என்று குறிலாகச் சொன்னால் நகரம், 'ஷ்டாட்' என்று நீட்டினால் அரசு. 'மிட்டெ' என்றால் நடு, 'மீட்டெ' என்றால் வாடகை. 'ஒஃபென்' என்றால் திறந்திருப்பது, 'ஓஃபென்' என்றால் அடுப்பு. இதற்கு ஆங்கிலத்தில் எழுதிய உச்சரிப்புக் குறிப்புகள் வளைத்து வளைத்து விளக்குகின்றன. 'படம்', 'பாடம்' என்று பேசிப் பழகிய ஆளுக்கு ஒரே வரி போதும்.

சாபம், வல்லினம். நமக்குக் ககரம் ஒன்று, பகரம் ஒன்று. ஜெர்மன் சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்தால், ரொட்டி சுடுவதும் பெட்டி கட்டுவதும் ஒரே 'பக்கென்' ஆகிவிடும். வாய்க்குள் முன்னது அதிரும், பின்னது வெடிக்கும். நோட்டில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆகவே உச்சரிப்பைத் தமிழில் எழுதிப் படிக்கும் பழக்கத்தைக் கூடிய சீக்கிரம் விட்டுவிடுங்கள். (இந்தக் கட்டுரையில் நான் எழுதுவது உங்களுக்காக, வேறு வழியில்லாமல்.) இதிலும் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. நாள் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் கடைசி எழுத்து மெல்லிய ககரம், ஆனால் சொல் முடியும் இடத்தில் வன்மையாக 'டாக்' என்று ஒலிக்கும். பன்மையில் பின்னால் உயிர் வந்ததும் மெலிந்துவிடும். ஓர் எழுத்து இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறுவது 'கடல்', 'பகல்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அதிசயமில்லை.

நமக்கு அறவே இல்லாதவை இரண்டு. ஒன்று, புள்ளி வைத்த உயிர்கள். வாயை 'ஊ' என்று குவித்து வைத்துக்கொண்டு உள்ளே 'ஈ' சொல்ல வேண்டும். 'ஓ' என்று குவித்து 'ஏ' சொல்ல வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் 'அழகாக இருக்கிறது' என்று சொல்ல நினைத்து 'ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லிவிடுவோம். இரண்டாவது, 'நான்' என்பதற்கான சொல்லின் கடைசியில் வரும் காற்றொலி. 'ஹி' என்று சொல்லத் தொடங்கும்போது மேலண்ணத்தை உரசி ஒரு காற்று வருமே, அதுவேதான். நான் 'இஹ்' என்று எழுதுகிறேன். வீடியோவில் முகங்கள் கிட்டத்தில் தெரிவதால் உதடு குவிவதைப் பார்த்தே பழகலாம். ஒலிக்கோப்பு மட்டும் தரும் ஆப்களில் இந்த வசதி கிடையாது.

இனி இலக்கணம். ஏ1-இன் இலக்கணக் குறிப்புகள் சுருக்கமாக, சுத்தமாக இருக்கின்றன. நான் ஆங்கில விளக்கத்தோடு படித்தேன். அங்கேதான் ஒரு சுற்றுவழி. அக்குஸாட்டிவ், டாட்டிவ் என்று வரும்போது நேர்ச் செயப்படுபொருள், மறைமுகச் செயப்படுபொருள் என்று ஆங்கில இலக்கணப்படி விளக்குகிறார்கள். நமக்கு அந்தச் சுற்று எதற்கு? அக்குஸாட்டிவ் நம் இரண்டாம் வேற்றுமை, டாட்டிவ் நான்காம் வேற்றுமை. 'ஐ', 'கு'. எட்டு வேற்றுமை பார்த்தவர்களுக்கு ஜெர்மன் வைத்திருப்பது மொத்தமே நாலு.

நாய் 'டேர் ஹுண்ட்'. நாயைப் பார்க்கிறேன் என்றால் 'டேன் ஹுண்ட்'. நாய்க்குத் தண்ணீர் கொடுக்கிறேன் என்றால் 'டேம் ஹுண்ட்'. நாய் மாறவே இல்லை, கவனித்தீர்களா? நாம் உருபைப் பெயரின் வாலில் ஒட்டுகிறோம், அவர்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்லில் ஏற்றுகிறார்கள். இரண்டாம் வேற்றுமையில் ஆண்பால் ஒருமை மட்டும்தான் இப்படி மாறும். பெண்பால், ஒன்றன்பால், பன்மை மூன்றும் எழுவாயில் இருந்த மாதிரியே இருக்கும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பெரிய பெரிய அட்டவணைகளைச் சுவரில் ஒட்டியிருக்க மாட்டேன்.

அடுத்தது இன்னும் சுவை. 'எனக்குக் குளிர்கிறது' என்பதை அவர்களும் எனக்கு என்றே தொடங்குகிறார்கள்: 'மீர் இஸ்ட் கால்ட்'. 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதற்கும் 'மீர்' வருகிறது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதை 'மீர் டூட் டேர் கோப்ஃப் வே' என்று கிட்டத்தட்ட நம் வாக்கியமாகவே சொல்லலாம். ஆங்கிலத்தின் வழியாக வருகிறவர்கள் 'நான் குளிராக இருக்கிறேன்' என்று தொடங்கி மாட்டிக்கொள்ளும் இடம் இது. நமக்கு வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் எல்லா இடத்திலும் இதை நம்பாதீர்கள். 'எனக்குப் பசிக்கிறது' என்பதை அவர்கள் 'நான் பசி வைத்திருக்கிறேன்' என்ற கணக்கில்தான் சொல்கிறார்கள். அதே போல் 'மிட்', 'அவுஸ்', 'பை', 'நாஹ்', 'ஸைட்', 'ஃபொன்', 'ட்ஸூ' என்ற ஏழு முன்னிடைச் சொற்கள் எப்போதும் டாட்டிவையே கேட்கும். அங்கே 'கு' உருபை வைத்துப் பொருள் தேடினால் தலைதான் சுற்றும். ஏழையும் பாட்டாகப் பாடி நெட்டுருப் போடுவதுதான் ஒரே வழி.

சொல் வரிசைக்கு வருவோம். "நான் நாளைக்கு பஸ்ஸில் பெர்லினுக்குப் போகிறேன்." இதில் காலம், விதம், இடம் என்ற வரிசை இருக்கிறது. ஜெர்மனிலும் வழக்கமான வரிசை அதுவேதான்: 'இஹ் ஃபாரெ மோர்கென் மிட் டேம் புஸ் நாஹ் பெர்லீன்'. ஆங்கிலக்காரர் இதைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, வினையைக் கடைசியிலிருந்து பிடுங்கி இரண்டாவது இடத்தில் நட வேண்டும். 'விரும்புகிறேன்', 'முடியும்', 'வேண்டும்' மாதிரியான துணைவினை வந்தால் அந்த வேலையும் பாதியாகிவிடுகிறது. துணைவினை மட்டும் இரண்டாம் இடத்துக்குப் போகும், முதன்மை வினை கடைசியிலேயே நிற்கும். 'இஹ் மோஹ்டெ ஹொய்டெ டாய்ட்ச் லெர்னென்.' இதில் இரண்டாவது சொல்லை விரலால் மறைத்துவிட்டு வாசியுங்கள்: நான், இன்று, ஜெர்மன், படிக்க. அப்படியே தமிழ். இறந்தகாலமும் இதே கட்டுமானம். நேற்றுப் பார்த்த படத்தைப் பற்றிச் சொன்னால் 'பார்த்த' என்பது வாக்கியத்தின் கடைசியில் காத்திருக்கும். "கடைசி வரை கேட்டால்தான் என்ன செய்தார் என்றே தெரியும்" என்று வகுப்பில் ஒருவர் சலித்துக்கொண்டார். நாம் வாழ்நாள் முழுக்க அப்படித்தானே கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

வினை விகுதியும் அப்படித்தான். வருகிறேன், வருகிறாய், வருகிறான் என்று ஆளுக்குத் தக்கபடி வால் மாறுவது நமக்கு மூச்சு விடுவது போல. 'கொமெ', 'கொம்ஸ்ட்', 'கொம்ட்' என்ற பட்டியலை ஒரு மாலையில் முடித்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நாம் "வருகிறேன்" என்று சொல்லிவிட்டு 'நான்' என்பதை விழுங்கலாம், அவர்கள் விழுங்குவதில்லை. நீ, நீங்கள் பிரிவும் உண்டு. ஆனால் குடும்பத்துக்குள் எல்லாருமே 'டூ'தான், அதாவது 'நீ'. "என்னங்க" என்று பழகிய வாயால் கணவரை 'டூ' என்று அழைத்துப் பயிற்சி எடுத்தபோது எனக்கு வந்த சிரிப்பை விட அவருக்கு வந்த சந்தோஷம் குறைவு.

இவ்வளவு தூரம் கைகொடுத்த தமிழ், பால் என்ற இடத்தில் கையை உதறிவிடுகிறது. நமக்கு உயர்திணை, அஃறிணை என்பது அறிவை வைத்த கணக்கு. ஸ்பூனுக்கு ஆண்பாலா பெண்பாலா என்று யோசிக்க வேண்டிய தலையெழுத்து இல்லை. ஜெர்மனில் ஸ்பூன் ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. சிறுமி என்ற சொல்கூட ஒன்றன்பால், ஏனென்றால் அதன் கடைசியில் 'ஹென்' என்ற சிறுமை விகுதி இருக்கிறது, அந்த விகுதி வந்தால் எதுவும் ஒன்றன்பால். நிக்கோஸ் வேக்கின் சொற்பட்டியல் ஒவ்வொரு பெயரையும் அதன் பாலைக் காட்டும் டேர் (ஆண்), டீ (பெண்), டாஸ் (ஒன்றன்) சேர்த்தே தருகிறது, அது நல்லது. ஆனால் எந்த விகுதிக்கு எந்தப் பால் என்ற சூத்திரங்களை நான் தனியாகத்தான் தொகுத்துக்கொண்டேன். 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' என்று முடிந்தால் பெண்பால். 'ஹென்', 'லைன்' என்றால் ஒன்றன்பால். கிழமை, மாதம், பருவம் எல்லாம் ஆண்பால். மீதிக்குச் சூத்திரம் கிடையாது, பெயரோடு சேர்த்து மனப்பாடம்தான். இதற்கு ஆங்கி என்ற ஆப் உதவியது, சொற்களை அட்டை அட்டையாகக் காட்டி நினைவைச் சோதிப்பது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, ஒன்றன்பாலுக்குப் பச்சை என்று நிறம் பிரித்து நானே அட்டை செய்தேன். யாரோ செய்து வைத்த ஐயாயிரம் அட்டைகளை இறக்கிக்கொள்வதை விட, அன்றன்றைய வீடியோவில் வந்த பத்துச் சொற்களுக்கு நீங்களே செய்யும் அட்டை நன்றாக ஒட்டும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்தொன்றை 'ஒன்றும்-இருபதும்' என்று சொல்கிறார்கள். தொலைபேசி எண்ணை யாராவது இரண்டிரண்டாகச் சொன்னால், பேனா முதலில் இரண்டாவது இலக்கத்தை எழுதிவிட்டுப் பின்னால் திரும்பி வர வேண்டும். கேட்டுக் கேட்டுத்தான் பழகும்.

சரி, எங்கே இடிக்கிறது? பாடம் கேட்கிறது, நீங்கள் சொடுக்குகிறீர்கள் அல்லது தட்டச்சு செய்கிறீர்கள். கோடிட்ட இடத்தில் சரியான விகுதியை நிரப்புவது வேறு, வெற்றுத் தாளில் ஒரு கடிதம் எழுதுவது வேறு. நீங்கள் சொந்தமாக எழுதிய வாக்கியத்தைப் பார்த்து "இங்கே டேன் வரணும்மா" என்று சொல்ல ஆள் கிடையாது. வாய்விட்டுப் பேசியதற்கும் அதே கதி. பதிவு செய்த பாடம் எதற்கும் உள்ள எல்லைதான் இது, தனியாக இதன் குறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாப் பயிற்சியிலும் பச்சை டிக் வாங்கிக்கொண்டே போகும்போது நமக்கு வந்துவிட்டது என்ற மிதப்பு ஏறிவிடுகிறது.

தேர்வை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கோத்தே ஏ1-இல் கேட்டல் சுமார் 20 நிமிடம், வாசித்தல் 25, எழுதுதல் 20, பேசுதல் குழுவாக 15 நிமிடம். நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. கேட்டலில் மூன்று பகுதிகள், அவற்றில் நடுப்பகுதியான அறிவிப்புகளை ஒரே ஒருமுறைதான் ஒலிக்கவிடுவார்கள். ரயில் நிலையம், கடை மாதிரி இடங்களின் அறிவிப்பு, பின்னால் இரைச்சல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அந்தப் பகுதி லேசாக இருந்தது. நிக்கோவும் அவன் கூட்டாளிகளும் தெருவில், கடையில், சமையலறையில் நின்று பேசியதைக் கேட்ட பழக்கம்தான். வாசித்தலிலும் தொல்லை இல்லை.

எழுதுதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், பிறகு சுமார் 30 சொல்லில் ஒரு சின்னக் கடிதம். கொடுத்திருக்கும் மூன்று விஷயங்களையும் தொட்டாக வேண்டும். பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது மெய்ப்புப் பார்க்கிறவளுக்குப் பிடித்துப்போன விதி. வாக்கியத்தில் பெயர்கள் எங்கே என்று ஓடிவந்து காட்டிவிடும். விளித்தலுக்குப் பின் காற்புள்ளி, அடுத்த வரியைச் சின்ன எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆங்கிலக் கடிதம் எழுதிப் பழகிய கை இங்கே கட்டாயம் சறுக்கும். (எஸ்ஸெட் என்றோர் எழுத்து இருக்கிறது, எப்போதும் சின்ன எழுத்தாகவே இருந்தது. அதற்குப் பெரிய எழுத்து வடிவத்தை அதிகாரபூர்வமாக 2017-இல்தான் ஏற்றார்கள். நூற்றாண்டுக்கும் மேலாக இதற்குச் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது, நம் எழுத்துச் சீர்திருத்தப் பஞ்சாயத்துகள் நினைவுக்கு வந்து ஒரே நிம்மதி.)

பேசுதலின் முதல் பகுதியில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பிறகு பெயரையோ ஊரையோ எழுத்துக் கூட்டச் சொல்வார்கள், ஏதாவது ஓர் எண்ணையும் சொல்லச் சொல்வார்கள். என் பெயர் விஜயா. அதைக் கூட்டினால்: ஃபௌ, ஈ, யொட், ஆ, உப்ஸிலொன், ஆ. ஆறு எழுத்தில் மூன்று எழுத்து ஆங்கிலப் பெயரை நினைவுபடுத்தி இழுக்கும் வகை. உங்கள் பெயரிலும் வி, டபிள்யூ, ஜே, ஒய், இசட் ஏதாவது இருந்தால் இப்போதே பத்துமுறை சொல்லிப் பாருங்கள். நம் பெயர்கள் பலவற்றில் இவற்றில் ஒன்றாவது வந்துவிடும். இரண்டாம் பகுதியில் ஒரு சொல் எழுதிய அட்டையை எடுத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்க வேண்டும். மூன்றாவதில் படத்தைப் பார்த்து ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும். இதற்கெல்லாம் நிக்கோ உதவ மாட்டான். எதிரில் ஒரு மனிதர் வேண்டும்.

அதற்கு நான் செய்த ஏற்பாடு மலிவானது. பழைய வகுப்பில் என் கூடப் படித்த ஒருவரும் நானும் போனில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டோம். கோத்தே தளத்தில் மாதிரித் தேர்வும், ஏ1-க்கான ஏறக்குறைய 650 சொற்களின் பட்டியலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்து ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல வேண்டும். இருவருக்குமே தெரியாத இடத்தில் டூடென் அகராதியின் தளத்தைத் திறப்போம். எழுதிய கடிதங்களைத் திருத்துவதற்கு மட்டும், முன்பே பி2 முடித்த ஓர் அக்காவிடம் போய் நின்றேன். தேர்வுக்கு முன்னால் ஓர் ஐந்தாறு கடிதங்களையாவது தெரிந்த ஒருவர் திருத்திப் பார்த்துவிட வேண்டும். கணவரிடம் கேட்கலாமே என்பீர்கள். அவருக்கு அலுவலகத்தில் முழுக்க ஆங்கிலம். இப்போது அவருக்கு நான்தான் விகுதி திருத்துகிறேன்.

யாருக்குச் சரிவராது என்றும் சொல்லிவிடுகிறேன். நாலு வாரத்தில் சான்றிதழ் கையில் வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர்கள் மாதிரித் தேர்வுகளையும் அந்தச் சொற்பட்டியலையும் பிடித்துக்கொள்ளட்டும். இந்தக் கதை நிதானமாக நகர்வது. ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இலக்கணக் குறிப்புகள் தடுக்கும். வேற்றுமையும் விகுதியும் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் அவர்களும் தாராளமாகத் தொடங்கலாம். யாராவது அதட்டினால்தான் புத்தகத்தைத் திறப்பேன் என்பவர்கள் வகுப்புக்கே போய்விடுங்கள், சேரும் முன்பு ஒரு மாதிரி வகுப்பில் உட்கார்ந்து ஆசிரியர் வாயிலிருந்து எவ்வளவு ஜெர்மன் வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

யூடியூபில் ஏ1 முழுக் கதையையும் ஒரே படமாக ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். பாடங்களைத் தொடங்கும் முன் அதைப் பார்க்காதீர்கள். எல்லாம் முடித்த பிறகு, திரையின் கீழே ஓடும் வசன எழுத்தை நிறுத்திவிட்டு, துவைத்த துணியை மடித்துக்கொண்டே பாருங்கள். எங்கே கை நின்று திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறதோ, அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். எனக்கு அறை வாடகை பேசும் காட்சிகளில் நின்றது. அவற்றை மறுபடி படித்துவிட்டுத்தான் ஏ2-வைத் திறந்தேன்.